எண்ணெய்த் தொட்டி மூடப்பட்ட பின்

மனிதர் செய்யும் வேலைகளுட் சில, செய்தவனின் நேர்மையைக் கண்ணாற் சோதிக்க இடந்தருவன. வேறு சில இடந்தராதன. தச்சன் செய்த மேசை கோணலாயின் வாங்குபவன் அவ்விடத்திலேயே கண்டுகொள்வான். சேலையில் இழை அறுந்திருப்பின் வெளிச்சத்திற்குப் பிடித்துப் பார்த்தாற் போதும். ஆனால், பழைய எஞ்சினொன்றைப் பிரித்துப் புதுக்கியவன் அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியை, பட்டறை வழக்கிற் சொன்னால் சம்பை, கஸ்கெட் வைத்து மூடிவிட்டால், உள்ளே எது செய்யப்பட்டது, எது செய்யாது விடப்பட்டது என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. பிழை இருப்பின் அது வெளிப்பட மாதங்கள் செல்லலாம். வெளிப்படும் இடமும் பட்டறையாக இராது. நடுக்கடலாகவோ, விதைப்புக்கு முந்திய வயலாகவோ இருக்கும். இத்தகைய வேலையில் நேர்மை எனப்படுவது யாது? கேட்டவனுக்குக் கேட்டதைச் செய்து கொடுப்பதோடு அது நிறைவுறுமா?

இவ்வினா நூலகத்திற் பிறந்ததன்று. கொட்டியாரக் குடாவுக்கும் தம்பலகாமக் குடாவுக்கும் இடைப்பட்ட நீர்ப்பரப்பின் கரையிலே, திருகோணமலைத் துறைமுகத்திற்குத் தெற்கே அமைந்த கிண்ணியா போன்ற ஊரில் இது அன்றாட வாழ்வின் வினா. ஊரின் ஒருபுறம் கடல், மறுபுறம் நெல்வயல். ஆகவே வள்ளத்தின் எஞ்சினும் உழவு இயந்திரத்தின் எஞ்சினும் அவ்வூர் மக்களின் பிழைப்போடு பிணைந்தவை. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்படும் வரை, திருகோணமலைக்குச் செல்ல வேண்டியவர்கள் ‘பாதை’யில் ஏறியே நீரைக் கடந்தனர். வீதி அற்றுப்போகும் இடத்தில் மிதக்கும் கலத்திற்குப் ‘பாதை’ என்றே பெயரிட்ட இலங்கை வழக்கு சுவையானது. 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோள் இக்கரையைக் கொடுமையாகத் தாக்கியபோது அழிந்தவற்றுள் வள்ளங்களும் அவற்றின் எஞ்சின்களும் அடங்கும்.

இலங்கையில் எஞ்சின் ஒன்று பழுதானால் புதியது வாங்குவது எக்காலத்திலும் எளிதாக இருந்ததில்லை. 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு ஒரு தலைமுறை மெக்கானிக்குகளைப் பழையதைக் காக்கும் கலையிற் பயிற்றிவிட்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு கடனைச் செலுத்த இயலாத நிலையை அடைந்தது. 2025இலேயே தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழி திறந்தது. இதனால் 1960களில் வந்த மஸி பேர்குசன் 35, அதன் வழித்தோன்றலான 135 ஆகிய உழவு இயந்திரங்களின் பேர்க்கின்ஸ் மூன்று சிலிண்டர் எஞ்சின் போன்றவை அருங்காட்சியகத்துக்குரிய வயதிலும் சேறுழுகின்றன. செல்வம் மிக்க நாடுகளில் பழைய எஞ்சினைப் புதுக்குதல் ஓய்வுநேர இன்பம். ஈண்டு அது அடுத்த போகத்துக்கான ஏற்பாடு. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு இதன் அறத்தைப் பேச முற்படுவது வீண்.

வேலையின் இயல்பைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். அறவினா அங்கேதான் மறைந்து கிடக்கிறது. எஞ்சினின் உடல் புளொக் எனப்படும் வார்ப்பிரும்புக் கட்டியாகும். சிலிண்டர்கள் அதனுள்ளே துளைக்கப்பட்டிருக்கும். கிராங் தண்டு அதன் அடியிற் படுத்திருக்கும். மேற்குறித்த பேர்க்கின்ஸ் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 3.6 அங்குல விட்டமுடையது. மூன்றுஞ் சேர்ந்த கொள்ளளவு ஏறத்தாழ 2.5 லீற்றர். ஆயினும் பட்டறையிற் பேசப்படும் அளவு அங்குலமன்று; ‘தௌ’ எனப்படும் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு. மனிதத் தலைமயிரின் தடிப்பு இரண்டு மூன்று தௌ இருக்கும். எஞ்சினின் ஆயுளைத் தீர்மானிப்பது அம்மயிரிழையின் கூறுகளே.

சிலிண்டர் சீராகத் தேய்வதில்லை. பிஸ்டன் மேலே சென்று திரும்பும் இடத்தில் மேல் ரிங் ஒரு கணம் நிற்கின்றது. வெப்பமும் அழுத்தமும் அங்கே உச்சம். எண்ணெய்ப் படலமோ அங்கேதான் மிக மெல்லியது. எனவே தேய்வும் அங்கேயே மிகுதி. அதற்கு மேலே ரிங் தொடாத பகுதி பழைய அளவிலேயே நிற்பதால் ஒரு விளிம்பு உண்டாகிறது. விரல் நகத்தால் வருடினாற் புலப்படும். மேலும், இணைப்புத் தண்டு சாய்ந்து தள்ளுவதால் ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்து வட்டம் முட்டை வடிவாகிறது. ஆதலால் ஒரு சிலிண்டரை அளப்பதென்றால் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் அளத்தல் வேண்டும். மூன்று சிலிண்டருக்குப் பதினெட்டு எண்கள். அப்பதினெட்டையும் வாசிப்பவன் டயல் கேஜைக் கையிற் பிடித்த மெக்கானிக் மட்டுமே.

அளத்தலுக்கு முன்னும் பின்னும் வேறு வேலைகள் உள. வெடிப்புச் சோதனைக்குப் பெரிய கருவி இல்லாத பட்டறைகளிற் பழைய வழி ஒன்றுண்டு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் பூசி ஊறவிட்டு, நன்கு துடைத்துச் சுண்ணத்தூள் தடவுவர். வெடிப்பு இருப்பின் உள்ளே ஒளிந்த எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சில் ஒரு கறுத்த கோட்டை வரைந்துவிடும். இனி, துளையைக் கடைந்து குறுக்குக் கீறலிட்ட பின்னர் புளொக்கைக் கழுவும் முறையும் கவனிக்கத்தக்கது. மண்ணெண்ணெயோ பெற்றோலோ கொண்டு கழுவினால் எண்ணெய் போய்விடும். அரைத்தூளோ கீறல்களிலேயே தங்கிவிடும். சவர்க்காரமும் சுடுநீரும் கொண்டு தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்து, துணி வெள்ளையாகவே வெளிவரும் வரை அதனைத் திரும்பத் திரும்பச் செய்தல் வேண்டும். நான்காவது முறை துணி சற்றே சாம்பல் நிறமாக வருகிறது, மாலை ஆகிவிட்டது, வாடிக்கையாளன் வாயிலில் நிற்கிறான். ஐந்தாவது முறை கழுவாது விட்டால் அதை எவரும் அறியப்போவதில்லை. அறநூல்கள் பேசும் பெரிய சோதனைகளை விட இச்சிறிய சோதனைக்கே மனிதன் அடிக்கடி ஆளாகிறான்.

எஞ்சின் ஸ்டாண்ட் எனப்படும் கருவியைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிறிய பட்டறைகளில் புளொக்கை மரக்கட்டைகளின் மேலோ பழைய ரயரின் மேலோ கிடத்தி வேலை செய்வர். தூக்குவதற்கு முக்காலியிலோ மரக்கிளையிலோ சங்கிலிக் கப்பியைக் கட்டுவர். அவ்வாறு கிடத்தப்பட்ட புளொக்கின் ஒரு பக்கத்தைப் பார்க்கும்போது மறுபக்கம் நிலத்தில் இருக்கும். அதைப் புரட்டுவதற்கு இருவர் வேண்டும். விரல் நசுங்கும் ஆபத்தும் உண்டு. எனவே, புரட்டவேண்டிய அளவுக்கு அது புரட்டப்படுவதில்லை. ஸ்டாண்டோ சில்லுகள் பூட்டிய இரும்புச் சட்டம். அதன் தலையிலுள்ள நான்கு கைகளைக் கியர்ப்பெட்டி இணையும் பின்முகத்தோடு திருகாணியால் இறுக்கினால், புளொக் அந்தரத்தில் நின்று ஒருவன் கைக்கே சுழலும். தலைகீழாக்கிக் கிராங் தண்டைப் பூட்டலாம். நிமிர்த்திப் பிஸ்டனை இறக்கலாம். கனமான டீசல் எஞ்சினை மெல்லிய ஸ்டாண்டில் ஏற்றுவது அறிவீனம். பாரம் முழுவதும் ஒரு முனையிலேயே தொங்குகிறதாகையால் திருகாணியின் தரமும் அது நூலுக்குள் இறங்கிய ஆழமும் உயிரோடு தொடர்புடையன.

இக்கருவியின் பெறுமதி வசதியோடு முடிவதில்லை. எல்லாப் பக்கத்தையும் எளிதிற் பார்க்க முடிகின்ற இடத்தில், ‘பார்க்கவில்லை’ என்னும் சாக்குக்கு இடமில்லை. உரிமையாளனும் அருகில் வந்து நின்று, தனது சிலிண்டரின் விளிம்பை நகத்தால் வருடிப் பார்க்கலாம். ஆயினும் ஒன்று: ஸ்டாண்ட் எந்த முகத்தைப் பற்றிக்கொண்டு நிற்கிறதோ அந்தப் பின்முகம் மறைந்தே இருக்கிறது. பின் எண்ணெய்ச் சீலையும் பறவைச் சில்லையும் ஸ்டாண்டில் இருந்து இறக்கிய பின்னரே பூட்ட முடியும். வேலை முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்த பிறகு, அவசரத்தில், தொங்கும் நிலையிற் செய்யப்படும் வேலை அது. எஞ்சின் புதுக்கிய சில வாரங்களில் எண்ணெய் ஒழுகும் இடமும் பெரும்பாலும் அதுவே. பார்ப்பதற்கு உதவும் எந்த ஏற்பாடும் தான் பற்றிய இடத்தை மறைக்கும் என்பது இக்கருவிக்கு மட்டும் உரிய இயல்பு அன்று.

இனி வினாவுக்கு வருவோம். பெரும்போக மழை நெருங்குகிறது. உழவு இயந்திரம் புகை கக்குகிறது, இழுவை இல்லை. சிலிண்டர் எட்டுத் தௌ தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டது. முறைப்படி செய்வதாயின் பழைய உறையை வெளியேற்றிப் புதிய உறை செலுத்தி, புதிய பிஸ்டன் இட வேண்டும். கடைசல் இயந்திரமுள்ள நகருக்குப் புளொக்கைக் கொண்டுசெல்ல வேண்டும். பணமும் இல்லை, நாளும் இல்லை. உரிமையாளன் “ரிங்கை மட்டும் மாத்தித் தாங்க காக்கா” என்கிறான். முட்டை வடிவத் துளையில் வட்டமான புதிய ரிங் முழுதும் பொருந்தாது. விளிம்பை அகற்றாவிடின் மேல் ரிங் அதில் மோதி உடையவும் கூடும். ஆனாற் சில மாதங்கள் ஓடும். விதைப்பு முடியும். மெக்கானிக் என் செய்வது?

உரிமையாளனின் சம்மதமே போதும் என்பது ஒரு விடை. பொருள் அவனுடையது, பணம் அவனுடையது, கேட்டதைச் செய்வதே தொழில். இவ்விடையில் ஒரு குறை உண்டு. எதற்குச் சம்மதிக்கிறோம் என்பதை அறிந்தவனின் சம்மதமே சம்மதம். பதினெட்டு எண்களையும் அறியாதவன் ‘ரிங்கை மட்டும்’ என்று சொல்வது அவன் நம்பிக்கையைக் காட்டுமேயன்றித் தெரிவைக் காட்டாது. மற்றொரு விடை, அரைகுறை வேலையை நல்ல தொழிலாளி தொடலாகாது என்பது. கேட்பதற்கு மேன்மையானது. எனினும் இது வசதி படைத்தவரின் அறம். மறுக்கப்பட்ட உழவன் வீடு திரும்பி ஓய்வெடுக்கப் போவதில்லை. அளக்கவே தெரியாத இன்னொருவனிடம் செல்வான், அல்லது அந்தப் போகத்தை இழப்பான். தன் கை மாசுபடாதிருக்கப் பிறன் வயல் தரிசாகக் கிடக்கலாம் என்பதை மேன்மை எனக் கொள்வது கடினம்.

அரைகுறை வேலை பொய்யன்று. சொல்லாமல் மூடுவதே பொய். “எட்டுத் தௌ தேய்ந்துள்ளது, ரிங் போட்டால் இந்தப் போகத்துக்கு ஓடும், அடுத்ததற்கு உறுதி சொல்ல இயலாது” என்று எண்ணையும் விளைவையும் சொல்லிவிட்டுச் செய்பவன், கையில் இருப்பதைக் கொண்டு பிறனுக்கு உதவியவனாவான். அதே வேலையை ‘எஞ்சின் புதுசு மாதிரி’ என்று சொல்லிக் கொடுப்பவன் ஏமாற்றியவனாவான். இரு எஞ்சின்களுக்கும் உள்ளே ஒரு தௌ வித்தியாசமும் இராது. செயலின் பொருளைச் சொல் மாற்றும் இடங்களுள் இதுவும் ஒன்று.

கிண்ணியாவில் பெரும்பான்மையோர் பின்பற்றும் இசுலாமிய மரபில் இதற்கு நேரான நிகழ்ச்சி ஒன்று அறிவிக்கப்படுகிறது. சந்தையில் தானியக் குவியலொன்றினுள் நபிகள் நாயகம் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்தது என்றான் வணிகன். மக்கள் காணும்படி அதனை மேலே வைத்திருக்கலாகாதா என்பதே அவருடைய வினா. நனைந்த தானியத்தை விற்காதே என்று அவர் கூறவில்லை என்பது கருதத்தக்கது; மறைத்ததையே கண்டித்தார். வள்ளுவரும் வணிகருக்குரிய அறத்தை வாய்மை அதிகாரத்தில் வைக்காது நடுவுநிலைமை அதிகாரத்தில் வைத்து, பிறர் பொருளைத் தமது போலப் பேணுவதாக உரைத்தார். தன் சொந்த எஞ்சினாயின் அந்தப் பதினெட்டு எண்களையும் அறிய விரும்பாத மெக்கானிக் உண்டோ?

ஏமாற்றினாற் பெயர் கெடும், ஆகவே தொழிலாளி தானாகவே நேர்மையாக இருப்பான் என்று சிலர் வாதிப்பர். அனுபவமற்றவனிடமும் அதே விலை கேட்கும் கடைக்காரனை 1785இல் வெளியான தமது நூலில் உதாரணங்காட்டிய ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற், அது கடமையாற் பிறந்த செயலா, இலாப நோக்கிற் பிறந்த செயலா என்று வினவினார். எஞ்சின் வேலையில் அவ்விலாப நோக்குக் கூட வலுவற்றது. ஆறு மாதம் கழித்துப் பழுதான எஞ்சினுக்குக் காரணம் பலவாகச் சொல்லலாம்: எண்ணெய் மட்டமானது, நீர் குறைந்து சூடேறியது, பாரம் கூடியது. மறுக்க யாராலும் முடியாது. ஆகவே கெட்ட பெயர் என்னும் காவலன் இந்த வாயிலில் இல்லை. எஞ்சியிருப்பது அளந்தவனின் மனம் மட்டுமே.

தெரிந்தே எஞ்சினைச் சிதைத்த காலமும் ஒன்றிருந்தது. 1990 முதல் யாழ்ப்பாணத்தில் நிலவிய பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்கவில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெற்றோலைக் காபரேற்றரிற் பீச்சி எஞ்சினை எழுப்பிவிட்டுப் பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். முழுதும் எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டிச் சம்பினுள் இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும், பெயரிங் தேயும். இதனை மெக்கானிக்கும் அறிவான், உரிமையாளனும் அறிவான், ஏறிச்சென்ற நோயாளியின் உறவினரும் புகை மணத்தால் அறிந்தனர். அந்தக் கார்களுக்குச் செய்யப்பட்ட ஒட்டுவேலைகளை எவரும் வஞ்சகம் என்பதில்லை. குறை எல்லோருடைய கண்ணெதிரிலும் இருந்தது.

ஆயின், எண்ணைச் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்ததா? வயலுழும் எஞ்சின் நின்றால் இழப்பு உரிமையாளனுக்கே. அவன் எண்ணைக் கேட்டவன். பயணிகளைச் சுமக்கும் கலத்தின் எஞ்சின் அவ்வாறன்று. அதில் ஏறுகின்ற பள்ளிப் பிள்ளை பட்டறைக்கு வரவில்லை, அளவைக் கேட்கவில்லை, சம்மதம் தரவுமில்லை. 2021 நவம்பர் 23ஆம் நாள், குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டப்பட்டு வந்த காலத்திற் தற்காலிகமாக ஓடிய ‘பாதை’ கவிழ்ந்து, மாணவர் உட்படப் பலர் உயிரிழந்தனர். அது எஞ்சின் பழுதால் நேர்ந்தது என்பது இங்கே கருத்தன்று. குற்றம் யாருடையது என்பதும் இக்கட்டுரையின் ஆராய்ச்சியன்று. ஏறியவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. வேறு வழியற்றவரைச் சுமக்கும் பொறியைப் பொறுத்தவரை, உரிமையாளனின் சம்மதம் எவ்வளவு தெளிவானதாயினும் போதாது. வயலுக்குப் பொருந்திய ‘சொல்லிவிட்டுச் செய்’ என்னும் நெறி துறையிற் பொருந்தாது; அங்கே மறுப்பதே கடமையாகிறது. முன்னர் வசதி படைத்தவரின் அறம் எனப்பட்ட அதே மறுப்பு, பாரம் ஏறும் ஆள் மாறியதும் ஏழையின் காவலாகிறது. அவ்வாறு மறுக்கும் மெக்கானிக் ஒரு வாடிக்கையை இழப்பான். அவ்விழப்பை அவன் மீதே சுமத்திவிட்டு ஊர் வாளாவிருப்பது நியாயமா என்பது வேறு கேள்வி. துறையில் ஓடும் எஞ்சினை அளந்து பார்க்கும் பொறுப்பு ஒரு தனிமனிதனின் மனச்சாட்சிக்கு மட்டும் உரியதாக இருத்தல் ஆகாது.

பிஸ்டன், ரிங், உறை, பெயரிங் யாவும் மாறிய பின்னரும் அது அதே எஞ்சின்தானா என்று, தேசியசின் மரக்கலத்தையும் நாகசேனரின் தேரையும் துணைக்கழைத்து, மெய்யியல் மாணவர் வினவக்கூடும். பட்டறை இதற்கு எளிய விடை வைத்துள்ளது: இலக்கம் புளொக்கில் பொறிக்கப்பட்டுள்ளது, புளொக் இருக்கும்வரை எஞ்சின் அதுவே. இதைவிடக் கனமான உண்மை வேறொன்று. உறையில்லாத புளொக்கை ஒவ்வொரு முறை கடையும்போதும் 20, 30, 40 தௌ எனச் சுவர் மெலிகிறது. 60 தௌவுக்கு மேல் பெரும்பாலானவை தாங்கா. பிறகு சிலீவ் செலுத்தவே வேண்டும். திருத்தம் ஒவ்வொன்றும் அடுத்த திருத்தத்துக்குரிய இரும்பிற் சிறிதை எடுத்துக்கொள்கிறது. ஆகவே தேவையின்றிக் கூடுதலாகக் கடைபவன், பத்தாண்டு கழித்து அதே புளொக்கைத் திறக்கப்போகும் இன்னொருவனின் பங்கிலிருந்து எடுக்கிறான்.

அந்த இன்னொருவனுக்கும் எண்ணைச் சொல்லும் வழக்கம் தொழிலில் உண்டு. பருமன் கூடிய பிஸ்டனின் தலையில் அதன் அளவு பொறிக்கப்பட்டிருக்கும். கிராங் தண்டைத் தேய்த்துச் சிறிதாக்கிய கடைசற்காரன், எத்தனை தௌ குறைத்தான் என்பதை அதன் பக்கச் சுவரிலே சிற்றெழுத்தில் அடித்து வைப்பான். சம்ப் மூடப்பட்டதும் அவ்வெண் இருளில் எண்ணெயில் மூழ்கிச் சுழன்றுகொண்டிருக்கும். உரிமையாளன் அதைக் காணான், பயணியும் காணான். அடுத்த முறை எஞ்சினைத் திறப்பவன் துணியால் எண்ணெயைத் துடைத்து, முதலில் தேடுவது அதைத்தான்.